கார் டிசைனர் ஆக மெக்கானிக்கல் படிச்சா போதுமா? வண்டியோட மூஞ்சியை முடிவு பண்றது யாரு?

பாலக்கோடு_தக்காளி

வணக்கம். அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறான், பயாலஜி குரூப். நோட்டோட கடைசிப் பக்கம் பூரா கார் படம்தான். கார் டிசைனர் ஆகணும்ங்கிறான். வீட்ல எல்லாரும், "மெக்கானிக்கல் சேர்த்துவிடு, தானா ஆயிடுவான்"ங்கிறாங்க. செட்டிக்கரை அரசு இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்துலயே இருக்கு, பர்கூரும் தூரமில்ல. அது சரியான வழிதானா?

இன்னொரு சந்தேகம். புது வண்டி ஒண்ணு வந்தா மொத நாள் ஊரே திட்டுது. "மூஞ்சியப் பாரு, டிக்கிய வெட்டி எறிஞ்சிட்டான்"னு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அதே வண்டி தெருவுக்கு நாலு நிக்குது. அப்ப ஜனங்க சொல்றது தப்பா? இல்ல டிசைனர் கையில ஒண்ணுமே இல்லையா? இவன் நாளைக்கு இந்த வேலைக்குப் போனா என்ன வரைவான், யாரு சொல்லி வரைவான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமே வேலை கிடைக்குமான்னும் சொன்னா புண்ணியமா போகும்.

கிளாஸ்_ஏ_ஓசூர்

அண்ணா, முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். கார் கம்பெனியில் டிசைன் என்ற சொல் ரெண்டு கட்டடத்தில் புழங்குது. கதவுக் கீல், சஸ்பென்ஷன், பிராக்கெட் இதையெல்லாம் CATIA என்ற வரைபட மென்பொருளில் போடுறவர் டிசைன் இன்ஜினியர். வெளித் தோற்றம், உள் அலங்காரம், நிறம், துணி இதையெல்லாம் தீர்மானிக்கிறது டிசைன் ஸ்டுடியோ, பழைய பேச்சில் ஸ்டைலிங். மெக்கானிக்கல் நேரா கொண்டுபோய் விடுறது முதல் கட்டடத்துக்கு. உங்க பையன் கேட்கிறது ரெண்டாவது.

ரெண்டாவதுக்குப் போக பிளஸ் டூ முடிச்சதும் டிசைன் இளநிலைப் படிப்புக்கு ரெண்டு நுழைவுத் தேர்வு இருக்கு. எந்த குரூப் படிச்சிருந்தாலும் ரெண்டும் எழுதலாம்.

ஒண்ணு யூசீட் (UCEED). ஐ.ஐ.டி. பாம்பே நடத்துது. விண்ணப்பம் வழக்கமா அக்டோபரில், தேர்வு ஜனவரியில். மூணு மணி நேரம். முதல் பகுதி கம்ப்யூட்டரில், 200 மதிப்பெண். ரெண்டாம் பகுதி தாளில் கையால் வரையுறது, 100 மதிப்பெண். இங்கதான் நல்லா வரையுற பசங்க கவுந்துடுறாங்க: முதல் பகுதியில் தேறினவங்களோட ஓவியத்தை மட்டும்தான் திருத்துவாங்க. முதல் பகுதியில் மடிச்ச அட்டையை விரிச்சா எப்படி இருக்கும், இந்தப் பல்சக்கரம் இப்படிச் சுத்தினா அது எப்படிச் சுத்தும், ஒரு கட்டையை மேலிருந்து பார்த்தா என்ன தெரியும்னு கேட்பாங்க. அதைப் பழகாம கார் படம் மட்டும் வரைஞ்சுட்டுப் போனா, அந்தப் படத்தை யாரும் பார்க்கவே மாட்டாங்க. அடுத்தடுத்த ரெண்டு வருஷம் மட்டும்தான் எழுத முடியும், வயசு வரம்பும் உண்டு.

இன்னொண்ணு என்.ஐ.டி. (NID) நடத்துற டாட் (DAT). திருச்சி என்.ஐ.டி. இல்லைங்க, அது வேற. இது ஆமதாபாத்தில் தலைமையகம் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம். தமிழில் எழுதினா ரெண்டுக்கும் ஒரே எழுத்து வர்றதால எத்தனையோ வீட்டில் தப்பான விண்ணப்பம் போட்டிருப்பாங்க. முதல்நிலைத் தேர்வு வழக்கமா டிசம்பர் கடைசியில், இல்ல ஜனவரி தொடக்கத்தில். தேறினா மெயின்ஸ், அதில் கையில் பொருளைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்லுவாங்க.

வாகன டிசைனுக்கே தனிப் படிப்புன்னா, நம் அரசு நிறுவனங்களில் அது முதுநிலையில்தான் பெரும்பாலும் கிடைக்குது. ஐ.ஐ.டி. பாம்பேயின் டிசைன் பள்ளியான ஐ.டி.சி.யில் மொபிலிட்டி அண்ட் வெஹிக்கிள் டிசைன், என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் ஆட்டோமொபைல் டிசைன். பாம்பேக்குப் போக சீட் (CEED) என்ற தேர்வு எழுதணும். அதில் நல்ல ரேங்க் வந்தாத்தான் இடம் கிடைக்கும், அவ்வளவு போட்டி.

ஆக, செட்டிக்கரையில் மெக்கானிக்கல் சேர்ந்தாலும் வழி அடைபடலை. நாலு வருஷம் இன்ஜினியரிங், பிறகு சீட் தேர்வு எழுதி எம்.டெஸ்., அதாவது டிசைன் முதுநிலை. மஹிந்திராவில் எக்ஸ்.யூ.வி.500 டிசைன் அணிக்குத் தலைமை வகிச்ச ராம்கிருபா அனந்தன் அப்படித்தான்: பிலானி பிட்ஸில் மெக்கானிக்கல், அப்புறம் ஐ.டி.சி. 2022இல் ஓலா எலெக்ட்ரிக் டிசைன் தலைமைக்கு வந்தார். அந்தக் கம்பெனி ஆலை உங்க போச்சம்பள்ளியில்தான் இருக்கு. டாடாவில் நெக்ஸான், ஹேரியர் காலத்து டிசைன் தலைவர் பிரதாப் போஸ் என்.ஐ.டி.யில் படிச்சு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் போனவர். ரெண்டு பாதையும் போய்ச் சேருது. ஆனா மெக்கானிக்கல் பாதையில் நாலு வருஷமும் தினம் வரையணும், காலேஜ் அதைச் சொல்லித் தராது.

தனியாரில் புனே, டேராடூன் பக்கம் இளநிலையிலேயே இந்தப் பாடம் இருக்கு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த காலேஜில் மூணு விஷயம் கேளுங்க. போன வருஷம் முடிச்ச மாணவர்களோட போர்ட்ஃபோலியோவை (அவங்க வேலைகளோட தொகுப்பு) காட்டுவாங்களா? களிமண் மாடல் செய்யத் தனி அறை இருக்கா? வண்டியோட வெளிப்பரப்பை உருவாக்குற ஏலியஸ் மென்பொருள் எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கு? மூணுக்கும் சுத்தி வளைச்சுப் பதில் வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

ஏ_பில்லர்

மேலே சொன்னது சரி. நான் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், யாரு சொல்லி வரைவான்னு கேட்டீங்களே.

டிசைனர் கையில் வெள்ளைத் தாள் கொடுக்க மாட்டாங்க. ஏற்கெனவே புள்ளி வெச்ச தாள்தான் கொடுப்பாங்க. நம்ம வீட்டு வாசல்ல புள்ளி வெச்சுட்டுக் கோலம் போடுற மாதிரி. அந்தப் புள்ளிகளுக்குப் பேர் பேக்கேஜ். அச்சுக்கு அச்சு தூரம், டயர் அளவு, ஓட்டுநர் இடுப்பு மூட்டு இருக்கிற இடம் (ஹெச் பாயின்ட்டுன்னு சொல்லுவோம்), தலைக்கு மேல எவ்வளவு இடம், முன்கண்ணாடி அடிவிளிம்பு எங்க தொடங்கணும், இன்ஜினுக்கு மேல பானெட் எவ்வளவு உயரம் விடணும். கடைசியா சொன்னது எதுக்குன்னா, நடந்து போறவர் மேல வண்டி மோதினா தலை வந்து பானெட்டில் விழும். அடியில் இன்ஜின் ஒட்டி நின்னா தகடு நெளிய இடமில்லாம போகும். அதனால் பானெட்டைத் தூக்கணும். இப்ப வர்ற வண்டியெல்லாம் மூக்கு உயர்ந்து மொத்தையா தெரியுதுன்னு திட்டுறோமே, அதில் பாதி இதுக்காக. மீதி எஸ்.யூ.வி. மோகம், அதுக்கு டிசைனரைத் திட்டலாம்.

நம்ம நாட்டில் எல்லாப் புள்ளியையும் விடப் பெரிய புள்ளி வரி. 2006 பட்ஜெட்டில் தொடங்கினது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசி அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தா சின்ன கார். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகும் அதே கோடுதான்: உள்ளே இருந்தா ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே போனா 40. இந்த வித்தியாசத்தை எந்த டிசைனர் பேனாவும் ஜெயிக்காது.

"டிக்கிய வெட்டி எறிஞ்சிட்டான்"னு சொன்னீங்க. அது நிஜமாவே வெட்டினதுதான். 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் நீளம் 4160 மில்லிமீட்டர். 2012இல் வந்த அடுத்தது 3995. 165 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட முக்கால் சாண் அளவு, அத்தனையும் பின்னாடி போச்சு. பின்சீட்டில் உட்கார்றவர் தலைக்கு உயரம் வேணும், அதனால் கூரை பின்னாடி வரை உயரமா வந்தாகணும். அப்புறம் இறங்க இடமில்லை, டக்குன்னு விழுது. கூனன் மாதிரி தெரிஞ்சது அதனாலதான்.

2017இல் வந்த டிசையரும் அதே 3995தான். ஆனா திட்டு குறைஞ்சது. ஏன்? உயரம் 1555லிருந்து 1515 ஆச்சு. அகலம் 1695லிருந்து 1735 ஆச்சு. அச்சு தூரம் 2430லிருந்து 2450. நாற்பது மில்லிமீட்டர் தாழ்ந்து, நாற்பது மில்லிமீட்டர் விரிஞ்சது. ஹேட்ச்பேக்கில் (டிக்கி தனியா நீட்டாத வண்டி) டிக்கியை ஒட்டாம, மொதல்லயே செடானுக்குன்னு அந்தப் புள்ளிகளை வெச்சாங்க. கோடு, விளக்கு, கிரில் எல்லாம் அப்புறம்தான்.

பையன் இப்பவே செய்யக்கூடிய கணக்கு ஒண்ணு சொல்றேன். டயர் விட்டத்தைக் கண்டுபிடிக்கணும். டயர் பக்கத்தில் 145/80 ஆர்12ன்னு போட்டிருந்தா: ரிம் 12 அங்குலம், அதை 25.4ஆல் பெருக்கினா 305, டயர் அகலம் 145இல் 80 சதவீதம் 116, அது மேலயும் கீழயும் ரெண்டு தடவை 232. மொத்தம் 537 மில்லிமீட்டர். அதுதான் ஆல்ட்டோ 800. அதோட அச்சு தூரம் 2360. அதில் ஒரு விட்டத்தைக் கழிச்சா ரெண்டு டயருக்கும் நடுவில் 1823 மிச்சம், அதாவது மூணே கால் டயருக்கும் மேல. உயரம் 1475, அது ரெண்டே முக்கால் டயர்.

இப்ப 2017 நெக்ஸான். 215/60 ஆர்16, விட்டம் 664. அச்சு தூரம் 2498, நடுவில் 1834, ரெண்டே முக்கால் டயர். உயரம் 1607, ஆனா டயர் கணக்கில் ரெண்டரைக்கும் கீழ. ரெண்டும் 4 மீட்டருக்குள்தான். ஒண்ணு சோடா மூடி மேல நிக்கிற மாதிரியும் இன்னொண்ணு காலை ஊன்றி நிக்கிற மாதிரியும் தெரியுறதுக்கு இந்த எண்தான் காரணம். பெரிய டயர் போட்டா விலை ஏறும், மைலேஜ் குறையும், திரும்ப இடம் அதிகம் வேணும். ஆல்ட்டோ டிசைனருக்கு அது தெரியாம இல்லை.

தொப்பூர்44

ஏ_பில்லர் சொன்னது வாஸ்தவம், ஆனா அதை வெச்சு டிசைனரை முழுசா தப்பிக்க விட வேணாம். ஜனங்க திட்டுறதுல ரெண்டு வகை இருக்குங்க. ஒண்ணு "இது புதுசா இருக்கு"ங்கிற திட்டு, அது ஆறு மாசத்துல ஆறிடும். இன்னொண்ணு "இது சரியா நிக்கல"ங்கிற திட்டு, அது ஆறவே ஆறாது. ஜனங்களுக்கு ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது, ரெண்டுக்கும் "அசிங்கமா இருக்கு"ன்னு ஒரே வார்த்தைதான். பிரிச்சுப் பார்க்கிறது டிசைனர் வேலை.

மொத வகைக்குப் பேர்போன உதாரணம் 2001 பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ். டிக்கி மூடி தனியா தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி இணையத்துல கையெழுத்து வாங்கினாங்க. 2005ல கொஞ்சம் தணிச்சாங்க. ஆனா வண்டி வித்துச்சு, அந்த மூடி மாதிரியே அப்புறம் பல கம்பெனி செடான்ல பார்த்தோம். 2009ல பேங்கிள் போனதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் யார் தெரியுமா? அதே 7 சீரிஸோட வெளித்தோற்றத்தை வரைஞ்ச ஏட்ரியன் வான் ஹூய்டொங்க். கம்பெனி திட்டை எப்படி எடை போட்டுச்சுன்னு இதுலயே தெரியும்.

நம்ம ஊர்ல வேகன் ஆர். 1999 கடைசியில வந்தப்ப டப்பான்னு சொல்லாதவங்க இல்ல. வேட்டி கட்டிக்கிட்டு, முட்டி வலியோட, குனியாம ஏறி உட்கார முடியுதுன்னு தெரிஞ்சதும் டப்பாங்கிற பேர் செல்லப் பேர் ஆயிடுச்சு. டாடா ஏஸை யாரும் அழகுன்னு சொன்னதில்ல, ஆனா குட்டியானைன்னு கூப்பிடுறோம். எந்த விளம்பரக் கம்பெனியும் காசு கொடுத்து இப்படி ஒரு பேர் வாங்க முடியாது.

ரெண்டாவது வகை அமெரிக்காவுல வித்த பான்டியாக் ஆஸ்டெக். 1999ல காட்டின மாதிரி வண்டியை ஜனங்க ரசிச்சாங்க. விற்பனைக்கு வந்தப்ப செலவு மிச்சம் பிடிக்க மினிவேன் தளத்து மேல உட்கார வெச்சாங்க. உடம்பு உயர்ந்துச்சு, டயர் சின்னதா போச்சு, கீழ பூரா சாம்பல் பிளாஸ்டிக். 2005ல நிறுத்திட்டாங்க. இதுல வேடிக்கை, அதை வரைஞ்ச டாம் பீட்டர்ஸ்தான் பின்னாடி ஏழாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரையும் வரைஞ்சார். கை அதே கைதான், புள்ளிதான் வேற. (ஏ_பில்லர் கட்சிக்கு இந்த ஒரு பாயின்ட் கொடுத்துடுறேன்.)

ரெண்டுலயும் சேராதது ஃபியட் மல்டிப்ளா, 1998. முன்கண்ணாடிக்குக் கீழ ஒரு மடிப்பு, அதுல ரெண்டு விளக்கு, தவளை மாதிரி. ஆனா 3994 மில்லிமீட்டர் நீளத்துல முன்னாடி மூணு பின்னாடி மூணு ஆறு பேர் நிம்மதியா போகலாம். 2004ல ஜனங்க சொன்னாங்கன்னு மூஞ்சியைச் சாதாரணமா மாத்தினாங்க. இப்ப பேசுறவங்க யாரும் அந்த ரெண்டாவது மூஞ்சியைப் பத்திப் பேசுறதே இல்ல. அதை வரைஞ்ச ராபர்ட்டோ ஜோலிட்டோதான் 2007 ஃபியட் 500ஐயும் வரைஞ்சவர். அதைப் பார்த்து மயங்காத ஆள் கிடையாது.

இப்ப என் புகார். ஹெட்லைட்டை பம்பருக்குள்ள இறக்கி, மேல ஒரு மெல்லிசு பகல் விளக்கு வைக்கிறாங்களே, ஹேரியர்ல தொடங்கி இப்ப பாதி வண்டியில. ஸ்கூட்டர் கைப்பிடி உரசினா, கன்னுக்குட்டி முட்டினா, மொத அடி விளக்குக்குத்தான். உள்ள எல்.இ.டி. ஒட்டி மூடின செட்டு, முழுசா மாத்தணும். மாந்தோப்பு மண்பாதைக்கு இது ஆகுமா? பியானோ கருப்புன்னு பளபளா பிளாஸ்டிக் வேற. கிரானைட் குவாரி பக்கம் ஒரு வாரம் ஓடி, உலர்ந்த துணியில துடைச்சா முடிஞ்சது, பூரா முடிக் கீறல். இதுல வரிக்கு என்ன சம்பந்தம், சட்டத்துக்கு என்ன சம்பந்தம்?

ஏ_பில்லர்

பியானோ கருப்புக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஷோரூம் விளக்கில் பளபளக்கணும்னு மட்டும் வைக்கிறது அது.

விளக்குக்குச் சட்டத்தோட சம்பந்தம் இருக்கு. டிம் விளக்கின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மேல்விளிம்பு 1200ஐத் தாண்டக் கூடாது. பானெட் உயர்ந்துபோன வண்டியில் விளக்கைப் பழைய இடத்திலேயே வெச்சா எதிர்ல வர்ற பைக்காரர் கண்ணுக்கு நேரா அடிக்கும். இறக்கினா கூச்சம் குறையும். தொப்பூர் கணவாயில் ராத்திரி எதிரெதிரே ஏறி இறங்குறவங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனா பம்பர் ஓரத்தில் வெச்சதும், முன்னாடி ஒரு அங்குலம்கூடக் காப்பு விடாததும் ஸ்டைலிங் முடிவு. அதில் உங்க புகார் செல்லும். விளக்கை முப்பது நாற்பது மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, சுத்திலும் கருப்புப் பிளாஸ்டிக் உதடு விட்டா உரசல் அதோட நிக்கும். அப்படிச் செய்யும் வண்டிகளும் இருக்கு.

என் பேரே ஏ பில்லர், அதாவது முன்கண்ணாடியின் ரெண்டு ஓரத்திலும் நிக்கிற தூண், அதனால் இதையும் சொல்லிடுறேன். முன்கண்ணாடியைச் சாய்க்கச் சாய்க்க வண்டி வேகமா தெரியும், காற்று எதிர்ப்பும் குறையும். ஆனா அந்தத் தூண் ஓட்டுநர் கண்ணுக்குக் கிட்ட வரும். கவிழ்ந்தா கூரை நசுங்காம இருக்க அது தடிமனாவும் இருக்கணும். ரெண்டும் சேர்ந்தா வளைவில் ஒரு பைக்கே மறைஞ்சுடும். ஜனங்க ஷோரூமில் இதைக் கவனிக்கிறதே இல்லை. வாங்கி மூணு மாசம் கழிச்சு, "என்னமோ ஓட்ட பயமா இருக்கு"ம்பாங்க.

களிமண்காரி

எல்லாரும் வரையிறதைப் பத்தியே பேசுறீங்க. ஸ்டுடியோவில் வரையிறவங்க கொஞ்சம் பேர்தாங்க. மீதிப் பேர் அந்தப் படத்தை உருவமாக்குறவங்க: களிமண் மாடலர், ஏலியஸ் மாடலர், கிளாஸ் ஏ சர்ஃபேஸ் போடுறவர், நிறமும் துணியும் தேர்ந்தெடுக்கிற சி.எம்.எஃப். ஆளுங்க, இன்ஜினியருக்கும் டிசைனருக்கும் நடுவில் நிக்கிற ஸ்டுடியோ இன்ஜினியர். பாலக்கோடு அண்ணா, உங்க பையனுக்கு வேலை வாய்ப்புன்னு பார்த்தா இந்தக் கதவுங்கதான் அகலமானது. மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு கிளாஸ் ஏ வேலை நல்லாவே பொருந்தும்.

கிளாஸ் ஏன்னா வண்டியோட வெளித்தோல், கண்ணுல படுற பரப்பு. ரெண்டு பரப்பு சேர்ற இடத்துல விளிம்பு ஒட்டினா மட்டும் போதாது, வளைவும் ஒரே மாதிரி தொடரணும். சரியா இல்லேன்னா வெளிச்சம் அங்க முறியும். இதைப் பார்க்க மென்பொருள் வேணாம். ஷோரூம்ல போய் வண்டிப் பக்கவாட்டுல குனிஞ்சு, மேல இருக்கிற டியூப்லைட்டோட பிரதிபலிப்பு முன்கதவுலேர்ந்து பின்கதவுக்கு எப்படிப் போகுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகணும். கதவு இடைவெளியில உடைஞ்சா, கைப்பிடிக்குக் கீழ நெளிஞ்சா, அது பரப்புப் பிழை, இல்லேன்னா தகட்டை அழுத்துற அச்சோட பிழை.

இன்னொண்ணு: தட்டையான பரப்பு கண்ணுக்குத் தட்டையா தெரியாது, உள்ள குழிஞ்ச மாதிரி தெரியும். தகடும் தடதடன்னு டின் மாதிரி அடிக்கும். அதனால கதவுக்கு லேசா வயிறு கொடுக்கணும். அதுக்காகக் கத்தி மாதிரி மடிப்பு போட்டுட்டாலும் ஆபத்து. வெளித்தகடு 0.7 மில்லிமீட்டர் அளவுதான், கூர்மையா மடிச்சா பிரெஸ்ஸில மூலையில கிழியும், இல்ல அச்சு இழுத்த தடம் பெயின்ட்டுக்கு மேலயும் தெரியும். படத்துல பிளேடு மாதிரி இருந்த கோடு ரோட்டுல மழுங்கித் தெரியிறதுக்குக் காரணம் இதுதான்.

வீட்ல மாடல் செய்ய ஆசைப்பட்டா 1:10 அளவு போதும், 4 மீட்டர் வண்டி 40 சென்டிமீட்டர் வரும். தெர்மாகோல் சரிப்படாது, உதிரும், அடர்த்தியான ஃபோம் கட்டையில உள்கூடு வெட்டணும், வெளிப்பரப்பை விட 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்ள. மேல தொழிற்சாலைக் களிமண், 3 முதல் 4 கிலோ ஆகும். சின்னப் பசங்க விளையாடுற களிமண் விளிம்பு நிக்காது. இது அறைச் சூட்டுல கல்லு மாதிரி இருக்கும், 55, 60 டிகிரிக்குச் சூடு காட்டினா வெண்ணெய் மாதிரி ஆகும். மொத பூச்சைக் கட்டைவிரலால மெல்லிசா அழுத்தித் தேய்க்கணும். அவசரப்பட்டு அப்பினா காத்து அடைபட்டு, செதுக்குறப்ப குழி குழியா வரும், ஆறினதும் அடியிலேர்ந்து பெயர்ந்து வரும். ஒரு பக்கத்தை முடிச்சுட்டு இன்னொரு பக்கத்துக்கு அட்டை வெட்டி அச்சு எடுக்கணும், கண் அளவுல ரெண்டு பக்கமும் ஒண்ணா வராது. மே மாச வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ வெச்சுட்டுப் போயிடாதீங்க, மறுநாள் வண்டி படுத்திருக்கும்.

வேலை எங்கன்னு கேட்டீங்க. ஓசூர்ல டி.வி.எஸ். இருக்கு, ஆராய்ச்சியும் டிசைனும் அங்கயே நடக்குது. அசோக் லேலண்ட், ஏத்தர் ஆலைகளும் ஓசூர்லதான், ஏத்தரோட டிசைன் ஆளுங்க பெங்களூருல. கார்னு பார்த்தா சென்னைப் பக்கம்: செங்கல்பட்டு மஹிந்திரா ரிசர்ச் வேலி, சென்னையில ரெனோவோட டிசைன் சென்டர், 2025ல திறந்தாங்க. பெங்களூரு இன்ஜினியரிங் சேவைக் கம்பெனிங்க ஏலியஸ், கிளாஸ் ஏ ஆளுங்களை எடுக்கிறாங்க. காரே வேணும்னு பிடிவாதம் வேணாங்க. பைக்குல இன்ஜின், ஃபிரேம், கம்பி எல்லாம் வெளிய தெரியும், ஒவ்வொரு போல்ட்டும் டிசைன். அதுல பழகினவங்க கை நல்லா உறுதியா இருக்கும்.

பாலக்கோடு_தக்காளி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பையன் கூடவே உட்கார்ந்து படிச்சான். ஆல்ட்டோ கணக்கை உடனே போட்டுப் பார்த்துட்டான், வேகன் ஆர் டயரை அளக்கப் போயிட்டான். ரெண்டே ரெண்டு கேள்விங்க. விலை கூடின லேப்டாப் வாங்கணுமா? அப்புறம் ஃபோன்ல ஏ.ஐ.ல கார் படம் போட்டுக் காட்றான், பார்க்க அசல் மாதிரியே இருக்கு. அதையே போர்ட்ஃபோலியோவில வைக்கலாமாங்கிறான்.

கிளாஸ்_ஏ_ஓசூர்

லேப்டாப் இப்ப வேணாம் அண்ணா. முதல் ஒரு வருஷம் பால்பாயின்ட் பேனாவும் ஏ4 பேப்பர் கட்டும் போதும். பென்சில் வேணாம், அழிச்சு அழிச்சு ஒரே கோட்டில் நின்னுடுவான். பிறகு த்ரீடி பழக பிளெண்டர் இலவசம், சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும். ஏலியஸுக்கு மாணவர் உரிமம் கல்லூரி சேர்ந்ததும் கிடைக்கும்.

பேனாவில் முதலில் பழக வேண்டியது கார் இல்லை, முட்டை வட்டம். சக்கரத்தைச் சாய்வா பார்த்தா நீள்வட்டம். அதோட குட்டையான அச்சு சக்கர அச்சுத்தண்டோட ஒரே கோட்டில் போகணும். புதுசா வரையிறவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் நீள்வட்டத்தைச் செங்குத்தா நிறுத்திடுவாங்க, உடனே வண்டி கால் ஒடிஞ்ச மாதிரி தெரியும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அகலத்தில் இருந்தாலும் தப்பு. தேர்வாளர் கண் நேரா அங்கதான் போகும்.

ஏ.ஐ. படம் யோசனைக்குப் பார்க்கலாம், தன்னுதுன்னு வைக்கக் கூடாது. நேர்காணலில், "இதோட பக்கவாட்டுத் தோற்றத்தைப் போடு, ஓட்டுநர் எங்க உட்கார்றார்னு காட்டு"ன்னு ஒரு தாளை நீட்டுவாங்க. அதோட சரி. அந்தப் படங்களை உத்துப் பார்த்தா ஒரு பக்கக் கதவுக்கும் மறு பக்கத்துக்கும் சேராது, பின்சீட்டு ஆளுக்குத் தலை வைக்க இடம் இருக்காது.

அதுக்குப் பதிலா இதைச் செய்யச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிக்கிற ஒரு வண்டியைச் சரியா பக்கவாட்டில், பத்துப் பதினைஞ்சு மீட்டர் தள்ளி நின்னு, ஃபோனில் ரெண்டு மூணு மடங்கு ஜூம் வெச்சு, கதவுக் கைப்பிடி உயரத்தில் படம் எடுக்கணும். கிட்ட நின்னு எடுத்தா நடுப்பகுதி உப்பி, முனைகள் சுருங்கி, அளவு பூரா பொய்யாகும். அதை ஏ3 தாளில் 1:10 அளவுக்கு அச்செடுத்தா 4 மீட்டர் வண்டி 40 சென்டிமீட்டரா சரியா உட்காரும். மேல டிரேசிங் பேப்பர் வெச்சு தரைக்கோடு, ரெண்டு சக்கர மையம், கண்ணாடிச் சன்னல்களின் அடிக்கோடு, முன்கண்ணாடித் தூண் இவ்வளவும் எடுக்கணும். அந்தத் தூணின் கோட்டைக் கீழே நீட்டி, முன்சக்கரத்தில் எங்க வெட்டுதுன்னு பார்க்கணும். பொலேரோவில் ஒரு இடம், ஸ்விஃப்ட்டில் ஒரு இடம், பழைய அம்பாசடரில் வேற இடம். பத்து வண்டிக்கு இதை எடுத்து வரிசையா அடுக்கினா, இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு, எந்தச் சக்கரம் ஓட்டுதுன்னு பானெட்டைத் திறக்காமலே ஊகிக்க ஆரம்பிச்சுடுவான்.

அந்தப் பத்துத் தாளும் போர்ட்ஃபோலியோவில் போகலாம். மொத்தம் பதினைஞ்சு இருபது பக்கம், மூணு வேலை போதும். ஒவ்வொண்ணிலும் கடைசிப் படத்தை விட, ஒதுக்கின முப்பது சின்ன ஓவியங்களும், எதனால் ஒதுக்கினான்னு பக்கத்தில் ஒரு வரியும் இருக்கட்டும். மூணில் ஒண்ணு ஸ்போர்ட்ஸ் காரா இல்லாம இருந்தா நல்லது. தக்காளிக் கூடை இருபத்தஞ்சு கிலோ, மார்க்கெட்டுக்கு விடிகாலை மூணு மணிக்குப் போற வண்டி, ஏத்துற தட்டு இடுப்பு உயரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு புள்ளி வெச்சு வரையட்டும். பாலக்கோட்டில் இருக்கிற பையன் அதை அளந்து பார்த்து வரைய முடியும்.